மூக்கில் குறைந்த இரண்டு நூல்

போர் விமானத்தை அளவு பிசகாமல் கைக்கு அடக்கமாகச் செய்து கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் எனக்கு முதல் அநியாயம் செய்தவர் ரிடையர்டு சார்ஜென்ட் தனகோடி. உத்திரமேரூர்க்காரர், என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. பெயரை முதலிலேயே போட்டுவிட்டேன். ஏகாம்பரம் மறந்துவிட்டான் என்று பிற்பாடு யாரும் சொல்லக்கூடாது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். முப்பது வருஷம் லாரிக்கு மரப் பாடி கட்டினேன். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தான் வேலை பார்த்த விமானத்தை ஷோகேசில் வைக்க மரத்தில் ஒன்று செய்து தரச் சொன்னார். செய்தேன். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். இப்போது செங்கல்பட்டிலிருந்து கூட ஆள் வருகிறது. பெருக்கல் வகுத்தல் எனக்கு வராது. ஆனால் தச்சு வேலை செய்தவனுக்கு நூல் கணக்கு தெரியும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். நிஜ விமானத்தில் ஒரு அடி என்றால் என் விமானத்தில் இரண்டு நூல். படித்தவர்கள் இதை நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்கிறார்கள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு வேண்டும் என்று வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அந்தக் கணக்கு என் டேப்பில் இல்லை.

தையல்காரர், பல் செட்டு கட்டுகிறவர், ஜன்னலுக்கு கிரில் அடிக்கிறவர் என்று அளவெடுத்துச் செய்து கொடுத்துவிட்டுப் பேச்சு வாங்குகிற ஜனங்கள் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது வெறும் பொம்மைக் கதை.

மைக் முன்னால் ஒரு மூக்கு

காஞ்சிபுரம் போகிற ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பறந்து ஓய்ந்த பழைய நாட் விமானம் ஒன்றை வாங்கி, வாசலில் மேடை கட்டி நிறுத்தினார்கள். சின்ன விமானம்தான், ஆனால் சண்டையில் பெயர் வாங்கியது. "இதில் ஒரு ஆணியைக் கூட மாற்றக்கூடாது" என்று விமானப் படைக்காரர்கள் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்களாம். நிறுத்துகிற பொறுப்பு முழுவதும் சார்ஜென்ட் தனகோடியிடம். அவர் விமானப் படையில் அதே வகை விமானத்துக்கு ஃபிட்டராக இருந்தவர். எல்லாம் முடிந்தபின் பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "வாசல்ல நிக்குது பாருங்க, அதையே அப்படியே என் மேஜை மேல வைக்கணும்" என்றார்.

இரண்டு நாள் ஏணி போட்டு அளந்தேன். மூக்கிலிருந்து ஒரு தூக்குக்குண்டு, வாலிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டு, இரண்டும் தரையைத் தொட்ட இடங்களுக்கு நடுவே டேப் பிடித்தேன். இருபத்தேழு அடி எட்டு அங்குலம். என் அளவில் ஆறு அங்குலம் ஏழு நூல், ஒரு மயிரிழை கூட. உடம்பு முழுக்க ரிவெட் ஆணி வரிசை இருந்தது, மூக்கு நுனியில் மட்டும் இல்லை. நானும் நுனியில் ஆணி வைக்கவில்லை. குமிழ் மரத்தில் உடம்பு, கண்ணாடிக் கூண்டுக்குச் சூடு காட்டி வளைத்த பிளாஸ்டிக். இரண்டு மாத வேலை.

குடியரசு தினத்தன்று கொடி ஏற்றியதும் தாளாளர் என் விமானத்தை மேடையில் தூக்கிக் காட்டினார். பெற்றோர், வாத்தியார்கள், பசங்கள் எல்லாரும் கை தட்டினார்கள். சார்ஜென்ட் கையில் வாங்கினார். மூக்கைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி சுண்டிப்போனது. மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. "மூக்கு கொறையுது சார். இவன் கண்ணால பாத்து குத்துமதிப்பா அட்ச்சு உட்டுக்கீறான். டேப்பு புட்ச்சி அளந்தவன் கையில இப்டியா வரும்?"

காணாமல் போன ஒரு அடி

மறுநாளே விமானம் தாளாளரின் மேஜையிலிருந்து பீரோ மேலே போய்விட்டது. பீரோ மேலே வைப்பது கிழிந்த குடையை. எனக்குப் பட்டம் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. "ஏகாம்பரம் அளந்து செய்வான்" என்ற ஒரு பேச்சுதான் நான் சம்பாதித்தது. அதை ஒருவர் மைக்கில் அழித்துவிட்டுப் போனார்.

செல்போன் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லி அந்த விமானத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு அடி எட்டு அங்குலம் என்று போட்டிருந்தது. திரும்பப் போய் அளந்தேன். ஒரு அடி குறைவு. இன்னொரு நாள் போய் அளந்தேன். அதே ஒரு அடி. முப்பது வருஷம் லாரி கட்டிய கை இது, ஒரு லாரியும் ஒரு அடி குறைந்து ரோட்டுக்குப் போனதில்லை. கடைசியில் பழி டேப்பின் மேல்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அதை வாங்கிய ஹார்டுவேர் கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் இருந்த டேப்புகளை எல்லாம் இழுத்து என் டேப்புக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. "துருப்புடிச்சிக்கீதுன்னு வருவாங்க, ஸ்பிரிங் பூட்ச்சின்னு வருவாங்க. உள்ள ஒரு அடி காணோம்னு வந்த மொத ஆளு நீதாண்ணே."

நனைந்த கோழி

நெல் மண்டி வைத்திருக்கும் ஒருவர் தன் கல்லாவுக்குப் பின்னால் வைக்க அதே நாட் விமானத்தைக் கேட்டார். வேறு விமானம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டாராம், அதுதான் வேண்டும். இந்த முறை வரைபடத்தை வைத்து முழு மூக்கோடு செய்தேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டு போய்க் கொடுத்தேன். மூக்கை அவர் பார்க்கவே இல்லை. "இன்னா ஏகாம்பரம், றெக்கை ரெண்டும் தொங்கிக்கினு கீது? மயைல நனஞ்ச கோயி மாரி? அந்த சார்ஜென்ட்டு சொன்னது மெய்தான் போல" என்றார்.

நாட் விமானத்தின் இறக்கை முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பிச் சற்றே கீழ்நோக்கித்தான் சரியும். அதன் வாகு அப்படி. படத்தைக் காட்டினேன். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து வந்து பார்த்தார்கள். வளைந்து வேகமாகத் திரும்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒருவர் சொன்னதை நானும் சொன்னேன். மண்டிக்காரர் படத்தையும் என் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அவர் கருத்தையும் கேட்டார். எல்லாம் ஒப்புக்கொண்டு, கடைசியில் என் தோளில் கை வைத்தார். "செரிப்பா, நெஜத்துலயே அவனுங்க தப்பா பண்ணிட்டானுங்க. நீயாவது அத்த சரி பண்ணக் கூடாதா?"

ஊசி

மிக் என்கிற ரஷ்யச் சண்டை விமானத்தின் மூக்கில் ஒரு நீளக் குழாய் துருத்திக்கொண்டு நிற்கும். காற்றின் வேகம் அளப்பதற்காம். மரத்தில் செய்தால் தடியாக இருக்கும், பொருந்தாது. எத்தனையோ கம்பி வைத்துப் பார்த்துவிட்டு இஞ்செக்ஷன் ஊசியில் வந்து நின்றேன். அளவெடுத்து வார்த்ததுபோலப் பொருந்தியது. மெடிக்கல் ஷாப்பில் வாரத்துக்கு ஒரு டஜன் புது ஊசி வாங்குவேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஊரில் என் நிலைமை மாறியது. டீக்கடையில் எனக்கு மட்டும் சப்பென்று டீ வந்தது. கல்யாண வீட்டில் என் இலையில் மட்டும் கேசரி விழவில்லை. பரிமாறுகிறவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். ஒரு வீட்டு கிரகப்பிரவேசத்தில் லட்டு கொடுத்த அம்மா கையை நீட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். தனகோடி சார்ஜென்ட் ஏதோ கிளப்பிவிட்டிருக்கிறார் என்றே நான் நினைத்தேன். ஒரு வருஷம் அவரை அதற்கும் சேர்த்துத் திட்டினேன். இதில் மட்டும் அவர் நிரபராதி என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, வேறொன்றுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தெரிந்தது இப்படித்தான். ஒருநாள் டீக்கடைக்காரரிடம், "ஏம்ப்பா, எனக்கு மட்டும் சர்க்கரைல கை வைக்க மாட்டேங்கிற?" என்று சண்டைக்குப் போனேன். அவர் கிளாசைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "வாரத்துக்கு பன்னெண்டு ஊசி போட்டுக்கிற ஒடம்புக்கு சக்கர போட்டு குடுத்து, நாளிக்கி நான் போலீஸ் ஸ்டேசன்ல ஒக்காரவாண்ணே?"

பதினோரு நூல் ஆள்

திருப்புலிவனத்திலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மா வந்தார். நடவு வேலை முடித்து, காலில் சேறு காயாமல் நேராக என் பட்டறைக்கு. அவர் மகன் வடக்கே விமானப் படையில் இருக்கிறான். போனில் அவன் அனுப்பிய படத்தைக் காட்டினார். ஒரு மிக் விமானம், அதன் வயிற்றுக்கு அடியில் ஸ்பேனரோடு ஒரு பையன். "சார்ஜென்ட்டாண்ட கேட்டேன். மெட்ராஸ்ல ரெடிமேடா விக்கிறான், அத்த வாங்கிக்கோ, ஏகாம்பரம் அளவு தப்புவான்னாரு. இன்னா தப்பினாலும் பரவால்ல, நீயே பண்ணு அண்ணே. மெட்ராஸ்காரனுக்கு என் புள்ளைய தெரியாது" என்றார். உன் பிள்ளையை எனக்கும் தெரியாதே அம்மா என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோல இருந்தது.

விமானம் ஓட்டுகிற ஆளை உட்கார வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஓட்றவன் எதுக்கு? அவன் அவங்க அம்மா கேக்கட்டும். என் புள்ள கீழ நிக்கிறான் பாரு, அவன வையி." பையன் உயரம் ஐந்தரை அடி என்றார். அப்படியானால் எனக்குப் பதினோரு நூல். விமானத்தைச் செய்ததைவிட அந்த ஆளைச் செதுக்கத்தான் அதிக நாள் ஆனது. மூன்று பேரைச் செதுக்கித் தூர எறிந்துவிட்டு நாலாவது ஆளை வைத்தேன். சட்டை மடிப்பு, இடது கையைத் தூக்கி நிற்கிற விதம், ஸ்பேனர், எல்லாம் படத்தில் இருந்தபடி. அஞ்சலை வந்தார். விமானத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து, பதினோரு நூல் ஆளை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அவன் தலையைத் தொட்டார். "இன்னாண்ணே, இப்டி எளச்சுப் பூட்டான்?"

பாயின் நட்டு டப்பா

விமானம் நிற்கிற ஸ்டாண்டுக்குக் கம்பி ஒட்ட வைக்க நான் போவது வெல்டிங் கடை தாவூத் பாயிடம். அன்றைக்கு அவர் ஆளைக் காணோம். சும்மா உட்கார்ந்திருந்தேன். பெஞ்சுக்கு அடியில் நட்டும் போல்ட்டும் கொட்டி வைத்த கூம்பு ஒன்று, இரண்டு செங்கல்லுக்கு நடுவே சொருகி நின்றது. கூம்பைச் சுற்றி ஆணி வரிசை. அந்த இடைவெளியை நாட் விமானத்தின் உடம்பில் நான் ஆயிரம் தடவை அளந்திருக்கிறேன். ஒரு பென்சில் கனம் விட்டு ஒரு ஆணி. லாரியில் எவனும் அப்படி அடிக்கமாட்டான். நட்டுகளைக் கீழே கொட்டிவிட்டு டேப்பை வைத்தேன். சரியாக ஒரு அடி.

பாய் டீ குடித்துவிட்டு வந்தார். "இது ஏதுங்க பாய்?" என்றேன். கூம்பை மார்போடு அணைத்திருந்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் விமானத்தை நிறுத்திய வாரம். மேடையிலிருந்து மூக்கு ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததாம். பள்ளிக்கூட பஸ் உள்ளே திரும்பும்போதெல்லாம் அதன் பக்கக் கண்ணாடி போய் மூக்கில் இடித்ததாம். தாளாளர் வெளியூர் போயிருந்தார். சார்ஜென்ட் அறுக்கிற மெஷினோடு பாயைக் கூட்டிப்போய், நுனியை அறுத்து, தகரத்தில் ஒரு தொப்பி அடித்து, பெயிண்ட் பூசிவிட்டார். அதனால்தான் நுனியில் ஆணி இல்லை. அதனால்தான் நான் செய்த மூக்கைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. நான் தப்பாகச் செய்தேன் என்பதல்ல அவர் கஷ்டம், சரியாகச் செய்துவிட்டேன் என்பதுதான். வேறு யாராவது கண்டுபிடிக்குமுன் பழியை என் மேல் போட்டுவிட்டார். பாய்க்கு என் கதை எதுவும் தெரியாது. கீழே சிதறிக் கிடந்த நட்டுகளைப் பார்த்தார். "அழாத நைனா, அந்த டப்பா வேணும்னா எட்துக்கினு போ. அதுக்கு முன்னாடி என் நட்டையெல்லாம் பொறுக்கிக் குடு."

கதவு சாத்திய வீடு

மறுநாள் காலை, கூம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு மூன்றாவது தெருவுக்குப் போனேன். சார்ஜென்ட் வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டைக் கொஞ்சமாக விலக்கினேன். "உள்ள வா, உள்ள வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். இருபது வருஷத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. காரா பூந்தி கூட வைத்தார்கள். நான் தொடவில்லை.

"நான் வேற இன்னாப்பா பண்ணுவேன்? தாளாளர் ஊர்ல இல்ல. பஸ்ஸுல கொயந்தைங்க. மேடைய இடிக்கிறதா, மூக்க அறுக்கிறதா?" என்றார். "மூக்கை அறுத்தது உங்க பாடு சார். அத நான் கேக்கல. டேப் புடிக்கலன்னு சொன்னீங்களே, அதத்தான் கேக்குறேன். அறுத்த சமாசாரத்த விட்டுடுங்க. 'ஏகாம்பரம் அளந்துதான் செஞ்சான்'னு அதே மைக்குல ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "நீ அளந்துதான் பண்ணேன்னு சொன்னா, அப்பால மூக்கு எப்டிரா கொறஞ்சுதுன்னு கேப்பாங்களே?" அவரே ஒரு வழியும் சொன்னார். பேசாமல் பள்ளிக்கூடத்து மாடலின் மூக்கை இரண்டு நூல் நீட்டிக் கொடுத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். வாசலில் நிற்பதை அப்படியே செய்யச் சொன்னார்கள், அப்படியே செய்தேன், வாசலில் முதலில் நீட்டுங்கள், நான் மேஜையில் நீட்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன். கூம்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அது என்னோடு வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஆள் அனுப்பினார். அவர் வீட்டு ஷோகேசுக்கு ஒரு நாட் விமானம் வேண்டுமாம். செய்தேன். செய்யாமல் என்ன, தொழில். கொண்டுபோய்க் கொடுத்தபோது திரும்பவும் கதவைச் சாத்தினார். கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே டேப்பை எடுத்து மூக்கிலிருந்து வால் வரை வைத்துப் பார்த்தார். ஏழு அங்குலம் ஒரு நூல், ஒரு மயிரிழை கூட. ஆணி வரிசையை விரலால் தடவினார். பழைய சிநேகிதன் முதுகைத் தடவுவதுபோல இருந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்கும் ஒரு நிமிஷம் கோபம் மறந்துபோகப் பார்த்தது. நல்லவேளையாக அவர் வாயைத் திறந்தார். "நூத்துக்கு நூறு கரெக்ட்டு ஏகாம்பரம். நான் சொன்னேன்னு மட்டும் யாராண்டயும் சொல்லாத."

நான் யாரிடமும் சொல்லவில்லை, எழுதத்தான் செய்திருக்கிறேன். அவர் மைக்கில் சொல்ல வேண்டியது இன்னும் அப்படியே நிற்பதால், வருகிற குடியரசு தினத்துக்கும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்காரப் போகிறேன்.